கருப்பைக் கழுத்தழற்சி: வைத்திய அறிவு வளர்ந்த வரலாறு

மனித உடலைப் பற்றும் நோய்களுட் சில வெளிப்படையானவை. கண் சிவந்தாற் கண்டவர் அறிவர். காலிற் புண் வந்தால் நடையே அதனைச் சொல்லிவிடும். வேறு சில நோய்கள் உறுப்பின் மறைவினால் ஒருமுறையும், வாய்விட்டுச் சொல்லக் கூசும் வழக்கத்தினால் மற்றொரு முறையும் மறைந்து நிற்பவை. பெண்களின் கருப்பைக் கழுத்தில் உண்டாகும் அழற்சி இத்தகைய நோய்களுள் ஒன்று. இதனைச் சரியாக விளங்கிக் கொள்வதற்கு வைத்திய உலகம் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளைச் செலவிட்டது. அக்காலத்தின் முற்பகுதியில் நோயல்லாததை நோயென்று கருதிச் சுட்டனர். பிற்பகுதியில் உண்மையான நோயைக் காணாது விட்டனர். இரண்டு தவறுகளின் விலையையும் கொடுத்தவர்கள் பெண்களே.

கருப்பையின் கீழ்முனை ஒடுங்கி, யோனியினுள் சிறிது நீண்டு நிற்கும் பகுதியே கருப்பைக் கழுத்து எனப்படுகிறது. இதன் நடுவே ஒரு சிறு வாயில் உண்டு. மாதவிடாய்க் குருதி வெளிவருவதும், கருவுறுதற்குரிய விந்து உட்செல்வதும், பிரசவ காலத்தில் விரிந்து குழந்தைக்கு வழிவிடுவதும் இவ்வாயிலே. இக்கழுத்துக்கு இருவகைப் போர்வைகள் உள்ளன. வெளிப்புறத்தைப் பல அடுக்குகளாலான தடித்த செதின் மேலணி மூடியிருக்கும். அது வெளிறிய இளஞ்சிவப்பாகத் தோன்றும். உட்புறத்தை ஒரே அடுக்காலான மெல்லிய கம்ப மேலணி மூடியிருக்கும். அதன்கீழ் ஓடும் குருதிக் குழாய்கள் வெளியே தெரிவதால் அது செக்கச் சிவந்து காணப்படும். இந்த நிற வேறுபாடே பிற்காலத்தில் எழுந்த பெரியதொரு மயக்கத்துக்குக் காரணமாயிற்று என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

பண்டைய உரோமர் இவ்வுறுப்பைக் கண்ணாற் காணும் வழியை அறிந்திருந்தனர். கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலுள் புதையுண்ட பொம்பெயி நகரை அகழ்ந்தபோது, திருகினால் விரியும் வெண்கலக் கருவிகள் கிடைத்தன. யோனியை விரித்துக் கருப்பைக் கழுத்தைப் பார்ப்பதற்கு அக்கால வைத்தியர் கையாண்ட கருவிகள் அவை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த சொரானஸ் என்னும் கிரேக்க வைத்தியரும் பெண்களின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் இத்தகைய கருவியைக் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் பின்வந்த நீண்ட காலத்தில் ஐரோப்பாவில் இப்பழக்கம் அருகிப்போயிற்று. பெண்ணின் நோயைப் பெண்ணே பார்க்கவேண்டும் என்ற வழக்கு நிலவியது. வைத்தியர் நாடியைப் பிடித்துக் கேள்விகளைக் கேட்டு மருந்தெழுதுவதோடு நின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்து வைத்தியர் யோசெப் ரெக்காமியே, குழாய் வடிவான ஓர் எளிய உலோகக் கருவியைக் கொண்டு கருப்பைக் கழுத்தை மீண்டும் கண்ணுக்குப் புலப்படச் செய்தார். பாரிஸ் வைத்தியசாலைகளில் இக்கருவி விரைந்து பரவியது. அங்கு கல்வி பயின்ற ஆங்கில வைத்தியராகிய ஜேம்ஸ் ஹென்றி பென்னெற் அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றோருள் முக்கியமானவர். 1845ஆம் ஆண்டில் கருப்பையின் அழற்சியைப் பற்றி அவர் ஒரு நூலை வெளியிட்டார். பெண்களை வருத்தும் இடுப்பு வலி, வெள்ளைபடுதல், சோர்வு, மலட்டுத்தன்மை முதலிய துன்பங்களுட் பெரும்பாலானவற்றுக்குக் கருப்பைக் கழுத்தில் உண்டாகும் அழற்சியும் புண்ணுமே மூலகாரணம் என்பது அவருடைய கொள்கை.

கருவியைக் கொண்டு பார்த்தவர்கள் உண்மையிலேயே ஒன்றைக் கண்டார்கள். கருப்பைக் கழுத்தின் வாயிலைச் சுற்றிச் சிவந்த ஒரு வட்டம், தோலுரிந்த புண் போலத் தோன்றியது. அதனைப் புண்ணென்றே கொண்டு ஆற்ற முற்பட்டனர். வெள்ளி நைத்திரேற்றுக் கட்டியால் அவ்விடத்தைச் சுட்டனர். அதனினும் கடுமையான எரிகாரங்களையும் தடவினர். அட்டைகளை விட்டுக் குருதியை உறிஞ்சச் செய்தனர். ஒருமுறை சுட்டு ஆறாவிடின் மறுமுறையும் சுட்டனர். சில பெண்கள் மாதக்கணக்கில் இச்சிகிச்சைக்கு உட்பட்டனர். சுட்ட இடம் தழும்பேறி வாயில் சுருங்கிப் புதிய துன்பம் விளைந்ததும் உண்டு.

இதனை எதிர்த்த குரலும் விரைவில் எழுந்தது. 1850ஆம் ஆண்டில் றொபேட் லீ என்னும் வைத்தியர் லண்டன் வைத்தியச் சங்கமொன்றில் வாசித்த கட்டுரையில், இறந்தோர் உடல்களைத் தாம் ஆராய்ந்தபோது இத்தகைய புண்களைக் கண்டதில்லை என்றும், கருவியைக் கண்டபடி கையாளுதல் பெண்களின் நாணத்துக்கு ஊறு விளைப்பது என்றும் வாதிட்டார். வாதம் அறிவியலையும் ஒழுக்கத்தையும் கலந்து நடந்தமையால், வெப்பம் மிகுந்ததே அன்றித் தெளிவு பிறக்கவில்லை. தெளிவை நோக்கி முதலடி எடுத்து வைத்தவர் சாள்ஸ் வெஸ்ற். 1854ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் கல்லூரியில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் அவர் ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். கருப்பைக் கழுத்துச் சிவந்திருக்கும் பெண்களுக்கும் அவ்வாறு சிவந்திராத பெண்களுக்கும் இடையே நோய்க்குறிகளில் வேறுபாடு உண்டா? வேறு நோய்களால் இறந்தோரின் உடல்களையும், தம்மிடம் வந்த நோயாளரின் குறிப்புகளையும் ஒப்பிட்டு நோக்கிய அவர், வேறுபாடு மிகச் சிறிதே எனக் கண்டார். வலியில்லாத பெண்களிடமும் அச்சிவப்பு இருந்தது. வலியுள்ள பெண்கள் பலரிடம் அது இல்லை. ஆகவே துன்பங்களுக்கெல்லாம் அச்சிவப்பே காரணமாகாது என்பது அவர் முடிவு. ஒரு கூட்டத்தை மற்றொரு கூட்டத்தோடு ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறவேண்டும் என்னும் முறை வைத்தியத்தில் வேரூன்றாத காலம் அது. ஆதலின் அவர் சொல் உடனே எடுபடவில்லை. சுடும் வழக்கம் தொடர்ந்தது.

இக்காலத்திற் பெண்ணுடலைப் பற்றிய அறிவு எவருடைய உடலிலிருந்து பெறப்பட்டது என்பதையும் வரலாறு மறைத்தலாகாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மரியன் சிம்ஸ் என்னும் வைத்தியர், 1845 முதல் 1849 வரை, பிரசவத்தினால் உறுப்புக் கிழிந்து துன்புற்ற அடிமைப் பெண்களைக் கொண்டு தம் அறுவைமுறையைப் பழகினார். அனார்க்கா, பெற்சி, லூசி என்போர் அப்பெண்களுட் பெயர் அறியப்பட்டவர்கள். மயக்க மருந்தின்றி அவர்கள் மீண்டும் மீண்டும் அறுக்கப்பட்டனர். மறுக்கும் உரிமை அவர்களுக்குச் சட்டத்தில் இல்லை. இன்றும் சிம்ஸ் பெயரால் வழங்கும் கருவி அங்கே வளைத்த கரண்டியிலிருந்து உருவாயிற்று. நியூயோர்க் நகரப் பூங்காவில் நின்ற அவருடைய சிலை 2018ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. இங்கிலாந்தில், படைவீரரைத் தொற்று நோயினின்றும் காப்பதற்கென 1864, 1866, 1869ஆம் ஆண்டுகளிற் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின்படி, பொதுமகளிர் எனப் பொலிசார் ஐயுற்ற பெண்கள் இக்கருவியாற் சோதனை செய்யப்பட்டனர். மறுத்தவர் சிறை சென்றனர். நோயைப் பரப்பிய ஆடவருக்கோ அத்தகைய சோதனை இல்லை. யோசபின் பட்லர் என்னும் அம்மையார் நடத்திய நீண்ட கிளர்ச்சியின் பயனாக 1886ஆம் ஆண்டில் அச்சட்டங்கள் நீக்கப்பட்டன.

சிவப்பின் மர்மம் நுணுக்குக்காட்டியின் கீழேதான் வெளியாயிற்று. 1870களின் பிற்பகுதியில் பெர்லினில் கார்ல் ரூகே, யோகான் வைற் என்னும் இருவர், புண்ணெனக் கருதப்பட்ட பகுதியிலிருந்து இழையத்தை எடுத்து மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தனர். அங்கே தோலுரிந்த புண் இல்லை. முழுமையான கம்ப மேலணி அவ்விடத்தை மூடியிருந்தது. கழுத்தின் உள்ளே இருக்கவேண்டிய சிவந்த போர்வை வெளியே தெரிந்தமையே புண் போன்ற தோற்றத்துக்குக் காரணம். பருவமடையும் காலத்திலும் கருப்பம் தரித்த காலத்திலும் ஓமோன்களின் செயலால் இப்போர்வை வெளிப்புறம் வருதல் இயல்பு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கருத்தடை மாத்திரைகளை உட்கொள்ளும் பெண்களிடமும் இது காணப்படும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. துன்பம் தராதவிடத்து இதற்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக் காலம் சுட்டு அழிக்கப்பட்டவற்றுட் பெரும்பகுதி இயற்கையின் அமைப்பே அன்றி நோயன்று.

எனினும் அழற்சி என்பதே பொய் என்று முடிவு செய்வதும் தவறாகும். உண்மையான நோய் ஒன்று இருந்தது. அதன் காரணமோ கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளில் இருந்தது. 1872ஆம் ஆண்டில், நியூயோர்க்கில் தொழில் புரிந்த ஜேர்மானிய வைத்தியராகிய எமில் நோகராத் ஒரு சிறு நூலை வெளியிட்டார். இளமையில் கொணோரியா நோயுற்று, குணமடைந்துவிட்டதாக எண்ணி மணம் புரிந்த ஆடவர், தம் மனைவியருக்கு அந்நோயைக் கொடுக்கின்றனர் என்றும், மணமான சில மாதங்களில் அப்பெண்கள் வலியுற்று மலடாவதற்கு அதுவே காரணம் என்றும் அவர் கூறினார். 1876ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்ணோய் வைத்தியர் சங்கத்தில் இதனை அவர் எடுத்துரைத்தபோது, கேட்டோர் பலரும் நம்ப மறுத்தனர். நோய் ஒருபோதும் குணமாகாது என அவர் மிகைப்படக் கூறியதும் உண்மையே. ஆயினும் குற்றமற்ற மனைவியின் நோய்க்கு மதிப்புக்குரிய கணவனே காரணமாதல் கூடும் என்ற சொல்லை அக்காலச் சமூகம் கேட்க விரும்பவில்லை என்பதும் மறுப்புக்கு ஒரு காரணமாயிற்று.

மூன்றே ஆண்டுகளின் பின், 1879ஆம் ஆண்டில், பிரெஸ்லாவ் நகரில் அல்பேட் நைசர் என்னும் இளம் வைத்தியர் கொணோரியாவின் கிருமியைக் கண்டுபிடித்தார். 1885இல் ஏர்ண்ஸ்ற் பூம் அதனைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். இக்கிருமி பெண்களிடம் முதலில் குடியேறும் இடங்களுள் முதன்மையானது கருப்பைக் கழுத்தின் கம்ப மேலணியே. அங்கிருந்து அது மேலேறிக் கருப்பையையும் பலோப்பியன் குழாய்களையும் பற்றி, குழாய்களைத் தழும்பால் அடைத்துவிடும். நோகராத் கூறியதன் சாரம் மெய்யாயிற்று. ஆனால் நைசரின் கதையிலும் ஒரு கறை உண்டு. 1892ஆம் ஆண்டில், சிபிலிசு நோயாளரின் குருதிநீரைப் பொதுமகளிர் சிலருக்கும் இளம்பெண்களுக்கும் அவர்களிடம் உடன்பாடு பெறாமலே அவர் ஏற்றினார். அச்செய்தி வெளியானபோது பெருங் கண்டனம் எழுந்தது; அவருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. 1900ஆம் ஆண்டில் பிரஷ்ய அரசு, நோயாளரின் தெளிந்த உடன்பாடின்றி இத்தகைய சோதனைகளைச் செய்தலாகாது எனப் பணித்தது.

கொணோரியா மட்டுமே காரணமன்று என்பதை உணர்த்தியது பிறந்த குழந்தையின் கண். பிரசவத்தின்போது தாயின் கருப்பைக் கழுத்திலிருந்து கிருமி தொற்றி, குழந்தைகளின் கண்கள் சீழ்பிடித்துக் குருடாதல் அக்காலத்திற் பெருந்துயராக விளங்கியது. 1881ஆம் ஆண்டில் லைப்சிக் நகரத்துக் கார்ல் கிறேடே, பிறந்தவுடன் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக் கண்ணில் விடும் முறையை வெளியிட்டார். அவருடைய பிரசவசாலையில் நூற்றுக்குப் பத்தாக இருந்த அந்நோய் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது. தாயின் உடலிற் பயனின்றிச் சுட்ட அதே பொருள், உரிய இடத்தில் உரிய அளவிற் பயன்பட்டபோது ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பார்வையைக் காத்தது. எனினும் சில குழந்தைகளுக்கு, கொணோரியாக் கிருமி காணப்படாமலே கண்ணழற்சி உண்டாயிற்று. அதன் காரணம் புலப்படவில்லை.

அதற்கான விடை யாவாத் தீவிலிருந்து தொடங்கியது. சிபிலிசு நோயை ஆராய நைசர் அங்கு மேற்கொண்ட பயணத்திற் பங்குபற்றிய லூட்விக் ஹல்பெர்ஸ்டேட்டர், ஸ்ரானிஸ்லாவ் புரோவாட்செக் என்னும் இருவர், 1907ஆம் ஆண்டில் திரக்கோமா என்னும் கண்ணோயை ஆராய்ந்தனர். நோயுற்ற கண்ணின் கலங்களுக்குள்ளே நுண்ணிய துகள்கள் கூட்டமாய் அடங்கியிருப்பதைச் சாயமூட்டி அவர்கள் கண்டனர். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அதே உருவங்கள், காரணம் அறியப்படாத கண்ணழற்சியுற்ற குழந்தைகளின் கண்களிலும், அக்குழந்தைகளின் தாய்மாரது கருப்பைக் கழுத்துக் கலங்களிலும் காணப்பட்டன. ஆகவே குழந்தையின் கண்ணுக்கு வந்தது தாயின் கருப்பைக் கழுத்திலிருந்தே எனத் தெளிவாயிற்று. ஆயினும் அவ்வுயிரியைச் சோதனைச்சாலையில் வளர்க்க எவராலும் இயலவில்லை. உயிருள்ள கலங்களுக்கு வெளியே அது பெருகுவதில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, பீக்கிங் நகரில் தாங் பெய்-பான் என்னும் சீன அறிஞர் கோழி முட்டையின் மஞ்சட்கருப் பையில் அதனை வளர்த்து, 1957ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதனால் நோய் உண்டாகும் என்பதை நிறுவத் தமது கண்ணிலேயே அதனை இட்டுச் சோதித்தார். அரசியற் கெடுபிடிகளுக்கு ஆளான அவ்வறிஞர் 1958ஆம் ஆண்டில் உயிர் துறந்தார். 1959இல் லண்டனில், கண்ணழற்சியுற்ற குழந்தையொன்றின் தாயினது கருப்பைக் கழுத்திலிருந்தே அவ்வுயிரி பிரித்தெடுக்கப்பட்டது. கிளமிடியா எனப்படும் அதனை முன்னர் வைரசு என எண்ணினர். அது ஒருவகைப் பற்றீரியா என்பது 1960களில் உறுதியாயிற்று.

இதற்குள் மருந்துகளும் வந்துவிட்டன. 1937ஆம் ஆண்டளவில் சல்பா மருந்துகளும், 1943 முதல் பெனிசிலினும் கொணோரியாவைக் குணமாக்கின. ஆனால் பெனிசிலினால் கொணோரியா நீங்கிய பின்னரும் அழற்சி நீங்காத நோயாளர் பலர் இருந்தனர். ஆடவரிடம் இது சிறுநீர்க் குழாயில் எரிவையும் கசிவையும் தோற்றுவித்தமையால் அவர்கள் வைத்தியரை நாடினர்; அந்நோய் நன்கு ஆராயப்பட்டது. பெண்களிடமோ அதே கிருமி கருப்பைக் கழுத்தில் ஓசையின்றித் தங்கியது. வெள்ளைபடுதல் சாதாரணம் என்று பெண்கள் பொறுத்தனர், வைத்தியரும் பொருட்படுத்தவில்லை. 1984ஆம் ஆண்டில் றொபேட் புறனம் முதலிய சியாற்றில் நகர ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரையொன்று, கருப்பைக் கழுத்தழற்சியை ஆடவரின் சிறுநீர்க் குழாயழற்சிக்கு நிகரான, புறக்கணிக்கப்பட்ட நோய் எனத் தலைப்பிலேயே குறித்தது. பஞ்சுத் திரியால் கழுத்தின் வாயிலைத் துடைத்தெடுத்தால் அதில் மஞ்சள் நிறச் சீழ்ச்சளி தெரிதல், சாயமூட்டிய சளியில் வெண்குருதிக் கலங்கள் மிகுந்திருத்தல் என்னும் திட்டமான அடையாளங்களை அவர்கள் வகுத்தனர். வெறுஞ் சிவப்பைக் கண்டு முடிவு செய்த காலம் அத்துடன் மறைந்தது.

அமைதியாக இருக்கும் நோயைத் தேடிப் பிடிப்பதாற் பயனுண்டா என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. தொற்றுக்கு இடமுள்ள இளம் பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கிளமிடியாச் சோதனைக்கு அழைத்து, நோய் கண்டவர்க்குச் சிகிச்சை அளித்தனர். மற்றப் பிரிவினர் வழக்கமான பராமரிப்பில் விடப்பட்டனர். 1996இல் வெளியான அதன் முடிவின்படி, ஓராண்டிற்குள் இடுப்பறை அழற்சி நோய் முதற்பிரிவினரிடம் மற்றவர்களிற் காணப்பட்டதிற் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. குழாய் அடைபட்டு மலடாவதும், கருப்பைக்கு வெளியே கருத்தங்கி உயிருக்கு இடர் நேர்வதும் இந்நோயின் விளைவுகளாதலின், இது சிறிய ஆதாயமன்று.

கருப்பைக் கழுத்தழற்சியும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் ஒன்றெனக் கருதுவோரும் உளர். இவை வேறு வேறானவை. 1928ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கூறி, 1940களின் தொடக்கத்தில் நிலைநாட்டிய கலச் சோதனையின் மூலம், புற்றுநோய்க்கு முன்னோடியான மாற்றங்களைக் காணும் வழியை ஜோர்ஜ் பப்பனிக்கொலவு காட்டினார். 1983ஆம் ஆண்டில் ஹரால்ட் சூர் ஹவுசன், மனிதப் பப்பிலோமா வைரசின் குறித்த வகையொன்றை இப்புற்றில் இனங்கண்டார். அதற்காக 2008இல் நோபெல் பரிசு பெற்றார். கொணோரியாவும் கிளமிடியாவும் மருந்தினால் முற்றாக நீங்குபவை. பப்பிலோமா வைரசுக்கோ முன்கூட்டி இடும் தடுப்பூசியே அரண். இலங்கையில் 1996ஆம் ஆண்டில் தொடங்கிய சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் முன்னோடி மாற்றங்களைத் தேடும் பணியை ஊர்தோறும் கொண்டு சென்றன. 2017 முதல் பாடசாலை மாணவியர்க்கு இத்தடுப்பூசி வழங்கப்படலாயிற்று. சோதனையின் முடிவில் அழற்சி என எழுதப்பட்டிருப்பதைக் கண்டு புற்றுநோயென அஞ்ச வேண்டியதில்லை. அதுபோலவே, வலியில்லை என்பதற்காகச் சோதனையைத் தவிர்த்தலும் தகாது.

இவற்றையெல்லாம் பெண்கள் தம் மொழியிற் கேட்டு அறியவேண்டும் என்னும் எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். 1857ஆம் ஆண்டிலேயே அவருடைய முயற்சியால் பிரசவ வைத்திய நூலொன்று தமிழில் வெளிவந்தது. பென்னெற்றும் வெஸ்ற்றும் லண்டனில் வாதிட்டுக்கொண்டிருந்த காலமே அது. பிற மொழியிலன்றிச் சொல்ல இயலாதெனப் பலர் எண்ணிய உறுப்புகளின் பெயர்களையும் நோய்களின் பெயர்களையும் தமிழ் தாங்கும் என்பதை அந்நூல் காட்டியது.

இன்றைய அறிவு கூறுவன சிலவே, ஆனால் உறுதியானவை. கருப்பைக் கழுத்தழற்சி பெரும்பாலும் வலியின்றி இருக்கும். வழக்கத்துக்கு மாறான வெள்ளைபடுதல், மாதவிடாய்க்கு இடையில் அல்லது உடலுறவின் பின் குருதி கசிதல் என்பன அதன் குறிகளாதல் கூடும். கொணோரியா, கிளமிடியா, திரிக்கொமோனாசு, மைக்கோபிளாஸ்மா முதலிய கிருமிகள் காரணமாகலாம். ஆராய்ந்த பின்னரும் காரணம் புலப்படாதவையும் பல. கிருமி கண்டவிடத்து அதற்குரிய மருந்தை வைத்தியர் குறித்த நாள்வரை உட்கொள்ளுதல் வேண்டும். கணவனுக்கும் ஒருங்கே சிகிச்சை அளிக்காவிடின் நோய் மீண்டும் வரும்; நோகராத் சொல்லி நூற்றைம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் பல வீடுகளில் ஏற்கப்படாத உண்மை இதுவே. மருந்துநீரால் உள்ளே கழுவுதல் நன்மை தராது. அங்கு இயல்பாக வாழும் நல்ல கிருமிகளையே அது அழிக்கும். கருப்பம் தரித்த பெண் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவதால் தன்னையும் காத்து, பிறக்கும் குழந்தையின் கண்ணையும் காக்கிறாள். இக்குறிகளுள் ஒன்று தோன்றுமாயின் நாணி மறைக்காது வைத்தியரிடம் உரைத்தலும், உடன் செல்லும் கணவன் தானும் சோதனைக்கு உடன்படுதலும் இந்நோயை வெல்லும் வழிகளாகும்.